ரிஜெக்ட் கூடையில் என் ஹார்மோனிக்ஸ்

கிதாரில் ஹார்மோனிக்ஸ் சுத்தமாக விழவில்லை என்று என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "காலால மிதிச்சா சத்தம் மாறுமே, அதுல எந்தப் பெடல் வாங்கலாம் சார்?" நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் வாங்கியும் தொலைத்தேன். அதில் ஒன்றை இப்போது என் மனைவி, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெடல் பிறந்ததிலிருந்து செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் பதில் சுருக்கமாக வராது. விரலை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் ஒரு பீங்கான் கப்பிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மேடையில் வாசிக்கப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நின்று போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரே பாட்டை இழுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும். இதை அதற்கான பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தின் முதல் சில வருடங்கள். பகலில் நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். டீக் கப்புகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குகிற வேலை. ஷிப்ட் முடிந்தால் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிதார். கல்யாணம், மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் திருவிழா, காதுகுத்து என்று எது வந்தாலும் போவோம். மேடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். சாயங்காலத்துக்குப் பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டால் கிதார் கழுத்தில் பதித்த ஃபிரெட் கம்பிகளில் எத்தனையாவதில் கை இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாசிப்பில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று எங்கள் குழுத் தலைவர் சொல்வார். அவர்தான் கீபோர்டு. எல்லோருக்கும் 'மாஸ்டர்'. கோபக்காரர்; வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற முகமாகிவிடுவார்.

அந்தக் காலத்தில் சத்தம் வரவில்லை என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபையர் திருகியைத் திருகு. ஒருமுறை சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்தில் எல்லாத் திருகியையும் கடைசி வரை திருகிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தனியாவர்த்தனத்தில் இறங்கினேன். பாதியில் என் சத்தம் நின்றுபோனது. மைக்செட்டுக்காரர் ஓடி வந்தார்.

"சார், ஒங்க லைன்ல எர்த்து அடிக்குது. ஆஃப் பண்ணிட்டேன்."

"எர்த்து இல்லீங்க அது. சோலோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க சார்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரை ஆன் பண்ணவில்லை.

இந்த லட்சணத்தில் இருந்தவனிடம்தான் அமலா ஒரு உதவி கேட்டாள்.

அமலா எங்கள் குழுவின் பாடகி. பகலில் அதே பட்டறையில் சரக்குப் பிரிக்கிற பிரிவு. சூளையிலிருந்து வந்து ஆறிய கப்பை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, காதால் பார்க்கிற வேலை. நல்ல கப்பு 'ணிங்' என்று பாடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்' என்று இருமும். பாடினால் ஃபர்ஸ்ட்டு, சுமாராகப் பாடினால் செகண்ட்ஸ், இருமினால் ரிஜெக்ட். பக்கத்தில் மூன்று கூடை. நாள் முழுக்கத் தட்டித் தட்டி அவளுக்கு அது பழக்கமாகி, பஸ்ஸில் ஏறினால்கூடக் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பாள்.

அந்த வருடம் அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. அதிலும் வாய் முன்பை விட அதிகமாகவே திரும்பியது என்பது என் அபிப்பிராயம். பாட்டுத்தான் தகராறு. மேலே போகிற இடம் போய்விட்டது. அதைவிட மோசம், முதல் சுரத்தைப் பிடிக்கிற நம்பிக்கை போய்விட்டது. பிடித்துவிட்டால் மடமடவென்று போய்விடுவாள். பிடிக்கும் வரைக்கும் இருட்டில் செருப்புத் தேடுகிற மாதிரி தடவுவாள். ஒரு நிச்சயதார்த்தத்தில் இப்படித் தடவி, சனம் சிரித்து, பாதியில் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப்போனாள். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை.

மாதா திருவிழா நெருங்கியது. அவளுடைய பங்குக் கோயில். சின்ன வயதிலிருந்து தேர் புறப்படுவதற்கு முன்னால் மாதா பாட்டை மேடையில் அவள்தான் பாடுவாள். மாஸ்டர் ஒத்திகையில் நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு அமலா. கட்டைய எறக்கித் தரேன். திருவிழாவுல பாடு. தடுமாறுனீன்னா அடுத்த கச்சேரிக்கு நெய்வேலியிலேர்ந்து பொண்ணு வருது. பேசி வச்சிட்டேன். அப்புறம் என்னை வையக் கூடாது."

"தடுமாறுனா நானே மைக்க வச்சிட்டுப் போயிடுறேன் மாஸ்டர். நீங்க சொல்லவே வேணாம்," என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தக் கூடை என்று எனக்கே தெரிந்தது.

ஐந்து கட்டையிலிருந்து மூன்று கட்டைக்குப் பாட்டின் சுருதியை இறக்கினோம். மாஸ்டருக்கு அதில் சிரமமே இல்லை. அவர் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு; அதை அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இறங்கி வரும். கிதாரில் அப்படிப் பட்டன் கிடையாது. நான் உட்கார்ந்து புதிதாகக் கை பழகினேன். அப்போது அதைப் பற்றி மூன்று நாள் முனகினேன். இந்தப் பட்டனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கட்டை இறங்கியும் முதல் சுரம் சரியாகவில்லை. மாஸ்டர் கீபோர்டில் அந்தச் சுரத்தை நீளமாகப் பிடித்துக் கொடுப்பார். அமலா கண்ணை இடுக்கிக்கொண்டு தடவுவாள். ஒருநாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ண்ணே, அந்தக் கீபோர்டு சத்தம் போர்வை மாதிரி இருக்குதுண்ணே. எங்க முனை எங்க நடுன்னே தெரியல. கப்பத் தட்டுனா வருதே, அது மாதிரி ஒண்ணு குடேன். கப்புன்னு புடிச்சிக்கிறேன்."

"கிதார்ல அது இருக்குது. ஹார்மோனிக்ஸ்னு பேரு," என்றேன். சொல்லும்போது கறுப்புக் கண்ணாடி இல்லாத குறைதான்.

கம்பியை அழுத்தாமல், குறிப்பிட்ட இடத்தில் விரல் நுனியால் சும்மா தொட்டு மீட்டினால், கம்பிக்குள்ளிருக்கும் இன்னொரு குரல் மணி மாதிரி மேலே எழும்பும். இதை நான் அவளுக்கு ரொம்ப அழகாக விளக்கினேன். ஐந்தாவது கம்பி, ஏழாவது ஃபிரெட்: அவளுக்கு வேண்டிய சுரம் அச்சாக அங்கே இருக்கிறது என்று கணக்கும் சொன்னேன். பிறகு வாசித்தேன்.

டொக்.

அமலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ரிஜெக்ட்டு."

"இரு, இரு. ஆம்ப்பு சரியில்ல." திருகினேன். டொக் பெரிதாகக் கேட்டது.

"இப்ப பெரிய ரிஜெக்ட்டு."

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்ததும் பேக்கிங் அறையில் இதுதான் நடந்தது. நான் வாசிப்பேன், அவள் கையால் காற்றில் ஒரு கப்பை எடுத்து இல்லாத கூடையில் போடுவாள். கொஞ்சம் நன்றாக வந்தால் நடுக்கூடை. மற்றபடி கடைசிக் கூடைதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் மனிதன் என்ன செய்வான்? அழுத்துவான். அழுத்த அழுத்த, மணி செத்துப்போய் வெறும் கம்பிச் சத்தம் கீழ்க்குரலில் வந்தது. பாதி அழுத்தினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

பாதிக் குற்றம் கம்பியுடையது என்று பிறகு கண்டுபிடித்தேன். கிதாரை நான் பட்டறையிலேயே வைத்திருந்தேன். அங்கே களிமண் தூள் மாவு மாதிரி பறக்கும். எல்லோர் புருவமும் ஷிப்ட் முடியும்போது நரைத்திருக்கும். தடித்த கம்பிகள் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறதல்லவா, அந்த இடுக்கெல்லாம் வெள்ளைத் தூள் அப்பிக்கொண்டு, விட்டால் சூளையில் வைத்துச் சுடலாம் போலிருந்தது. புதுக் கம்பி வாங்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். எனக்கு லீவு இல்லை. கம்பிகளைக் கழற்றி, கேன்டீன் டீ மாஸ்டர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவருடைய வெந்நீர்ச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கம்பி பளபளவென்று எழுந்து வந்தது. கூடவே டீ மாஸ்டரும் வந்தார்.

"என்னாய்யா வேவுது சட்டியில?"

"இடியாப்பம்ண்ணே."

அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு மட்டும் டீ ஆறித்தான் வந்தது. ஆனால் கம்பி உயிர் பெற்றது நிஜம். உங்களுக்கு இப்போது கம்பி வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது, சட்டியைத் தொடாதீர்கள். ஹார்மோனிக்ஸ் கேட்கிற கம்பி புதிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் பெற்ற கம்பியில் வாசித்ததும் அமலா நடுக்கூடைக்கு என்னை உயர்த்தினாள். அதற்கு மேல் போக மறுத்தாள். "செகண்ட்ஸ வச்சிக்கிட்டு நான் மேடை ஏற மாட்டேண்ணே. வீட்ல டீ குடிக்கலாம். சாமிக்கு வைக்க முடியாது."

மறுநாள்தான் என் புத்திசாலித்தனம் உச்சத்துக்குப் போனது. சூளையிலிருந்து ஒரு டிராலி வெளியே வந்து நின்றது. கப்புகள் வரிசையாகப் புதுப் பளபளப்போடு உட்கார்ந்திருந்தன. அமலா அந்தப் பக்கமாக வந்தாள். எனக்கு உடனே நாடகம் போட வேண்டும் போலிருந்தது.

"இந்தா பாரு. இந்தக் கப்புல என்ன சத்தம் வருதோ, அதே சத்தத்த சாயங்காலம் கம்பியில குடுக்குறேன்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கப்பை லபக்கென்று பிடித்தேன்.

டிராலி வெளியே வந்ததே தவிர, கப்புக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நான் போட்ட கூச்சல் ரயில்வே ஜங்ஷனில் கேட்டிருக்கும். சரக்கு இறக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமலா என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

"அறிவிருக்குதா ஒனக்கு? எத்தினி வருசமா இங்க இருக்குற? சூட்டுச் சரக்கத் தொடணும்ணே, புடிக்கக் கூடாது. அவங்க எப்படிப் பாக்குறாங்க பாரு."

பார்த்தேன். இறக்குகிறவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கப்பை விரல் நுனியால் தொடுவார்கள். தொட்டது தெரிவதற்குள் விரல் விலகியிருக்கும். ஆறிவிட்டதா இல்லையா என்று அந்தத் தொடலுக்குத் தெரிந்துவிடும். நாள் முழுக்க என் கண் முன்னால் நடந்த வேலை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணில் அது படவில்லை.

சாயங்காலம் மோதிர விரல் நுனியில் கொப்புளம். அழுத்தவே முடியாது. ஒத்திகைக்கு வர முடியாது என்று சொன்னால் மாஸ்டர் திட்டுவார் என்பதற்காகப் பேக்கிங் அறையில் கிதாரோடு உட்கார்ந்தேன். ஏழாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியில் விரல் பட்டது, மீட்டினேன், கொப்புளம் சுரீரென்றது, விரல் தானாகத் துள்ளி விலகியது.

ணிங்ங்ங்ங்...

கப்பு அடுக்கிய பெட்டிகளுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கூடச் சேர்ந்து மெல்லப் பாடியது போலிருந்தது. அறையின் மறுகோடியில் புடவைத் தலைப்பில் களிமண் தூளை உதறிக்கொண்டிருந்த அமலா திரும்பாமலே சொன்னாள்:

"ஃபர்ஸ்ட்டு."

சொன்ன வாயோடு அந்தச் சுரத்தைப் பிடித்துப் பாட்டை எடுத்தாள். தடவல் இல்லை, தேடல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக வாசலில் நிற்காமல் நேராக வீட்டுக்குள் போனாள்.

நீங்கள் கேட்டு வந்த விஷயம் இவ்வளவுதான். விரல் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வேண்டாம். ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே. மீட்டுகிற பிக்கை, கம்பிகள் போய் முடிகிற பாலத்துக்குப் பக்கமாகக் கொண்டுபோய் மீட்டுங்கள். கம்பியின் சத்தத்தை வாங்குகிற பிக்கப்புகளில் பாலத்துப் பக்கத்தில் இருப்பதையே வையுங்கள். மற்ற கம்பிகள் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். தொடுங்கள், மீட்டியதும் விலகிவிடுங்கள். தொடுவதை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். விலகுவதற்குத்தான் எனக்குச் சூளை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஃபர்ஸ்ட்டுதான். ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம். சத்தம் என் திறமையில் வருகிறதா, கொப்புளத்தின் திறமையில் வருகிறதா? அந்தக் கொப்புளம் திருவிழா வரைக்கும் ஆறக் கூடாது என்று ஊர்ச் சிவன் பழமலைநாதரிடம் நான் வேண்டிக்கொண்டது உண்டு. மாதா திருவிழாவுக்குப் பழமலைநாதரைத் தொந்தரவு செய்தது முறையில்லை போலிருக்கிறது. திருவிழா அன்று காலையில் விரல் சுத்தமாக ஆறிவிட்டது.

சாயங்காலப் பூசை முடிந்தது. கோயில் மைதானம் நிறைய சனம். தேர் ஜோடித்துத் தயாராக நின்றது. மேடையில் ஏற்பாடு இப்படி: மாஸ்டர் கீபோர்டில் முன்னிசை வாசித்து நிறுத்துவார், நான் அந்த ஒற்றை மணியைக் கொடுப்பேன், அமலா பாட்டை எடுப்பாள். அமலா நீலப் புடவையில், கழுத்துத் தழும்பை மறைக்கத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கு எனக்குக் கண் தேவைப்பட்டது.

மாஸ்டர் கையை வைக்கப் போனார். கரண்ட் போயிற்று.

கரண்ட் போவது புதிதில்லை. ஜெனரேட்டர் முக்கி முனகி எழுந்தது, விளக்கு வந்தது, சனம் ஹோவென்றது. கீபோர்டும் கண்ணைத் திறந்தது. மாஸ்டர் கண்ணை மூடினார், முன்னிசையைத் தொடங்கினார்.

நல்ல வாசிப்பு. ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சத்தம் மேலே இருந்தது. கரண்ட் போய் வந்ததில் கீபோர்டு அந்தப் பட்டனை மறந்துவிட்டது. மறுபடி ஐந்து கட்டையில் நிற்கிறது. மாஸ்டரின் விரல்கள் பழகிய இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன, அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னிசை முடிகிற வரைக்கும்தான் அவகாசம். ஐந்து கட்டைக்கும் என் கிதாரில் மணி இருக்கிறது. மூன்றாவது கம்பி, பன்னிரண்டாவது ஃபிரெட், ரொம்பச் சுலபம். அதைக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அமலா அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தும் விடுவாள். ஆனால் சரணத்தில் மேலே ஏறும்போது அந்தக் குரல் உடையும். அவளுடைய ஊர், அவளுடைய கோயில், அவளுடைய பாட்டு. உடைந்தால் மைக்கை வைத்துவிட்டுப் போவேன் என்று சொன்னவள் போய்விடுவாள். கிதார்காரன் மட்டும் சரியாக வாசித்தான் என்று சனம் சொல்லும்.

மூன்று கட்டை மணியையே கொடுத்தால்? அவள் அதைப் பிடிப்பாள். மாஸ்டர் ஐந்து கட்டையில் கூட வருவார். இரண்டும் மோதி அடுப்பில் பூனை விழுந்த மாதிரி ஆகும்.

"மாஸ்டர்!" என்றேன். கேட்கவில்லை. "மாஸ்டர், கட்டை!" முகம் இன்னும் பக்தியாக ஆயிற்று. பாராட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. கை கழுத்துத் தலைப்புக்குப் போயிற்று.

நான் எழுந்து நாலெட்டு நடந்து, கீபோர்டின் பின்னாலிருந்து மைக்செட்டுக்குப் போகிற வயரைப் பிடுங்கினேன்.

மைதானம் முழுக்கச் சத்தம் அறுந்தது. ஜெனரேட்டர் மட்டும் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "எவன்டா அவன் வயரப் புடுங்குனது?" என்றார், மாதா சுரூபத்துக்கு முன்னால் சொல்லக்கூடாத வேறு சில வார்த்தைகளோடு. "நான்தான் மாஸ்டர். பட்டனப் பாருங்க," என்று சொல்லிவிட்டு ஓடிவந்து கிதாரைப் பிடித்தேன். ஏழாவது ஃபிரெட். மீட்டினேன்.

டொக்.

பயந்தவன் கை அழுத்தும். அது எல்லோர் கைக்கும் உள்ள குணம். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஏய், கிதாருக்கு இருமலுப்பா!" என்று ஒரு குரல். மைக்செட்டுக்காரர் என் லைனை மூடுவதற்குக் கையைக் கொண்டுபோவது தெரிந்தது. நான் அமலாவைப் பார்த்தேன்.

அவள் கலங்கவில்லை. மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, யாருக்கும் தெரியாமல், காற்றில் ஒரு கப்பை எடுத்து இடுப்புக்குக் கீழே கடைசிக் கூடையில் போட்டாள். போட்டுவிட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்திருந்தாள். அடுத்த கப்பைக் கொடு என்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை இளகியது. கம்பி சூட்டுச் சரக்கு, இப்போதுதான் சூளையிலிருந்து வந்திருக்கிறது என்று என் விரலுக்குச் சொன்னேன். தொட்டேன். மீட்டினேன். விலகினேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. மைதானத்தின் கடைசியில் பஞ்சுமிட்டாய் விற்றவர் திரும்பிப் பார்த்தார் என்று மறுநாள் சொன்னார்கள். நான் பார்த்தது அமலாவை மட்டும். நீட்டிய கையில் ஒரு விரலை உயர்த்தினாள். ஃபர்ஸ்ட்டு. மணி அடங்குவதற்குள் அதன் மேலேயே ஏறிப் பாட்டை எடுத்தாள்.

அப்போது எனக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. அவள் தனியாகப் பாடுகிறாள், கீபோர்டு இல்லை, தாளம் இன்னும் சேரவில்லை. கூடவே கம்பியில் மெட்டை வாசித்துத் தாங்கிப் பிடிக்கலாமே என்று கை பரபரத்தது. ஒத்திகைகளில் அவள் தடவிய நாளெல்லாம் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உதவி என்று நினைத்துக்கொண்டு. கையைத் தூக்கித் தொடை மேல் வைத்துக்கொண்டேன். பல்லவி முழுவதும் அவள் ஒருத்தியே பாடினாள். குரல் பழைய குரல் இல்லை. கீழே இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக, ஆனால் விரிசல் இல்லாமல் இருந்தது.

மாஸ்டர் குனிந்து பட்டனை அமுக்கினார். வயரைத் தானே எடுத்துச் சொருகினார். அனுபல்லவியில் மெல்ல, அழைக்காத வீட்டுக்கு வந்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார். கண் கடைசி வரை திறந்தே இருந்தது.

தேர் நகர்ந்தது. வெடி போட்டார்கள். மேடைக்குப் பின்னால் நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டு விழப் போகிறது என்று கிதாரை முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"நெய்வேலிக்கு ஒரு போன் போடணும்," என்றார்.

"எதுக்கு மாஸ்டர்?"

"வர வேணாம்னு சொல்லத்தான். வேற எதுக்கு?" நாலடி போய்விட்டுத் திரும்பினார். "இன்னொரு தடவ என் வயர்ல கை வச்ச, கைய ஒடச்சிருவேன்."

அமலா மைக்கைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். கழுத்துத் தலைப்பு அவிழ்ந்து தழும்பு தெரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டாள். நான் ஏதாவது பெரிய வார்த்தை எதிர்பார்த்து நின்றேன். அவள் நேராக என்னிடம் வந்து, விரல் கணுவால் என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள்.

"உள்ள விரிசல் இருக்குதுண்ணே," என்றாள். "ஆனா பரவால்ல. செகண்ட்ஸ்ல வச்சிக்கிறேன்."